அரைச் சுற்று

"ரெண்டு இன்ச்" என்றான் குபேன் மூட்லி.
அவன் பின்னால் ஒன்பது பேர்.
டொங்காட்டில் குழாய் வறண்டு முப்பத்தோராம் நாள்.
கல்லாவுக்கு அந்தப் பக்கம்
யாருக்கும் வாக்கியம் பேச நேரமில்லை.

எந்த ரெண்டு இன்ச் என்று கேட்டிருக்க வேண்டும் நான்.
எடுத்தேன், பையில் போட்டேன்,
அடுத்த முகத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான்.
ஆயிரம் லிட்டர் ஃப்ளோபின்
(கம்பிக் கூண்டு, உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் வயிறு)
அதன் வாயில் வெட்டிய மரை
அறுபது மில்லிமீட்டர் அகலம்.
அலமாரியில் கிடக்கும் சாதாரண ரெண்டு இன்ச் மரையும்
ஏறத்தாழ அறுபதேதான்.
கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்.
நடைதான் வேறு:
ஒரு சுற்றுக்கு ஆறு மில்லிமீட்டர் எட்டிவைக்கும் ஒன்று,
ரெண்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே
பாதம் பாதமாய் வைக்கும் மற்றது.
ஒன்றுக்குள் ஒன்றைத் திருகினால்
அரைச் சுற்று போகும்.
இறுகும்.
அப்பாடா என்றிருக்கும்.
அது இறுக்கம் இல்லை, மறுப்பு.
காலித் தொட்டி அதைக் காட்டிக்கொடுக்காது.

வெருலத்திலிருந்து ஐயர் வந்து
எனக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்.
ஒன்பது இருந்தது.
அவன் நாலு வருஷம் இருந்தான்.

லாரி ராத்திரி ஒன்பது மணிக்கு வந்ததாம்.
தெருவே சேர்ந்து கை தட்டியதாம்.
குபேன் விளிம்புவரை நிரப்பி
மூடியை இறுக்கி, தார்ப்பாய் போர்த்தி,
தாலாட்டாத குறையாகத் தூங்கப் போனான்.
ரெண்டு மணிக்கு "டப்" என்றொரு சத்தம்.

வெளியே வந்தால்
வேலிக்கு அந்தப் பக்கம்
ரூக்மணி பச்சையப்பன் குனிந்து நிற்கிறாள்,
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு.
மாமரக் கிளை வழக்கில்
ஆறு வருஷமாக இவனோடு பேச்சில்லாதவள்.
அவள் மிளகாய்ப் பாத்தி வழியே ஓடிய தண்ணீரை
வாளி, பிரியாணி அண்டா, குழந்தைத் தொட்டி
எதில் முடியுமோ அதில் பிடித்தாள்.
பன்னிரண்டை வேலிக்கு மேலே நீட்டினாள்.
பதின்மூன்றை வைத்துக்கொண்டாள்.
அப்போதும் பேசவில்லை.

காலையில் ஈரக் கால்சட்டையோடு வந்தான்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
அந்தப் பித்தளையைக் கல்லாமேல் வைத்தான்.
முதல் பல் மட்டும் மழுங்கியிருந்தது.

இப்போது என் கையில் ஒரு கால்ரூலர் உண்டு.
பல்லை எண்ணாமல் எதையும் விற்பதில்லை.
உள்ளே என்ன போகும்? டீசலா?
அப்படியானால் அந்தக் கறுப்பு வாஷர் வேண்டாம்,
தோசைமாவாய் உப்பிவிடும்.
ஆசிட்டா? எவர்சில்வரின் மினுக்கை நம்பாதே,
பிளாஸ்டிக்கை எடு.
மொலாசஸா? ரெண்டு இன்ச் போதாது,
பொழுது விடிந்துவிடும்.
திறக்கும் முன் மேல்மூடியைத் தளர்த்து,
அதற்கும் மூச்சு முட்டும்.
வரிசை முணுமுணுக்கிறது.
எனக்கு மரை கழண்டுவிட்டதாம்.
தெம்பெகா மட்டும்
என் பக்கத்தில் நின்று சிரிக்காமல் பில் போடுகிறாள்.

குபேனுக்குச் சரியான அடாப்டரை எடுத்துக் கொடுத்தேன்.
கையாலேயே திருகிப் பார் என்றேன்.
மூன்று முழுச் சுற்று, வெண்ணெயாகப் போயிற்று.
காசு வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுத் திரும்பினான்.

அப்போதுதான் தோன்றியது எனக்கு,
முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

"அந்தத் தொட்டியில் முன்னே என்ன இருந்தது?"

வாசலில் நின்றான்.
"சோயா சாஸ். மூணு தரம் கழுவினேன்."
கொஞ்சம் யோசித்தான்.
"ரூக்மணி வீட்டு டீ இன்னைக்குக் கரிக்குதாம்.
வேலிகிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சு."